டாட்டூ ஸ்டூடியோவுக்கான இணையத்தள எழுத்து: மலையகத்து உரிமையாளர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இலங்கை மலையகத்தின் ஹட்டன், நுவரெலியா, பண்டாரவளை, எல்ல ஆகிய ஊர்களில் சிறு வியாபாரங்களுக்கு இணையத்தளப் பக்கங்களை எழுதிக் கொடுப்பது என் தொழில். டாட்டூ ஸ்டூடியோ நடத்துவோர் கேட்கும் கேள்விகள் ஏறத்தாழ ஒன்றுபோலவே இருப்பதால், அவற்றுக்கு நான் சொல்லிவரும் பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

முகப்புப் பக்கத்தின் முதல் வரியில் என்ன எழுத வேண்டும்?

நீங்கள் எங்கே இருக்கிறீர்கள், எந்த வகை வேலையைச் செய்கிறீர்கள், உங்களிடம் எப்படி வருவது ஆகிய மூன்றையும் எழுத வேண்டும். “கலை உங்கள் தோலில் பேசட்டும்” என்பதுபோன்ற வரிகளைப் பலரும் விரும்புகிறார்கள். அந்த வரியை எந்த ஊர் ஸ்டூடியோவும் போட்டுக்கொள்ளலாம் என்பதே அதன் குறை. அதைப் படித்துவிட்டு ஒருவர் பஸ் ஏறப்போவதில்லை. அதற்குப் பதிலாக, “பண்டாரவளை பஸ் நிலையத்திலிருந்து ஐந்து நிமிட நடைத் தூரத்தில், மெல்லிய கறுப்புக் கோட்டு வேலையும் தமிழ், சிங்கள எழுத்து வேலையும் செய்கிறோம், முன்பதிவு வாட்ஸ்அப்பில் மட்டும்” என்று எழுதினால், வரக்கூடியவர் யார், வரத் தேவையில்லாதவர் யார் என்பது அந்த ஒரு வாக்கியத்திலேயே பிரிந்துவிடும். வண்ண உருவப்படம் வேண்டுமென்று வருபவரைக் கோட்டு வேலைக்காரரின் படியேற வைப்பதால் இருவருக்குமே நேரம் வீணாகும்.

“உலகத்தரம்”, “முன்னணி”, “நம்பகமான” ஆகிய சொற்களை நான் எடுத்துவிடுவேன். உரிமையாளர்களுக்கு அது வருத்தமாகத்தான் இருக்கும். ஆனால் புகழ்ச்சியை வாடிக்கையாளரின் விமர்சனத்துக்கு விட்டுவிட்டு, பக்கத்தில் தகவலை வைப்பதே நல்லது.

“பச்சை குத்துதல்” என்று எழுதுவதா, “டாட்டூ” என்று எழுதுவதா?

இரண்டையும் எழுதுங்கள். ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம் உண்டு. இளைஞர்கள் “டாட்டூ” என்றுதான் தேடுகிறார்கள். சிலர் “டட்டூ” என்கிறார்கள், யாழ்ப்பாணத்துப் பழக்கமுள்ளவர்கள் “ரட்டூ” என்றும் எழுதக்கூடும். ஆகவே தலைப்பிலும் சேவைப் பெயர்களிலும் “டாட்டூ” இருக்கட்டும். விளக்கம் எழுதும் இடங்களில் “பச்சை குத்துதல்” இயல்பாக வரட்டும். மற்ற எழுத்து வடிவங்களை அடுக்கிப் பக்கத்தை நிரப்ப வேண்டியதில்லை.

பழைய சொல்லை விட்டுவிடக் கூடாது என்று நான் வற்புறுத்துவதற்கு வேறொரு காரணம் உண்டு. தேயிலைத் தோட்டத்து லயங்களில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், வாழ்ந்த பழைய தலைமுறைப் பெண்களின் முன்கையில் புள்ளிகளையும் கோலம் போன்ற பின்னல்களையும் பலர் பார்த்திருக்கிறோம். தென்னிந்தியாவில் குறவர் சமூகப் பெண்கள் ஊர் ஊராகப் போய்ச் செய்த வேலை அது. மஞ்சளையும் அகத்தி இலையையும் எரித்தெடுத்த கரியைக் குழைத்து ஊசியால் குத்தினார்கள் என்று பழைய இனவரைவியல் பதிவுகள் சொல்கின்றன. கரி தோலுக்கு அடியில் இருக்கும்போது மேலிருந்து பார்ப்பவருக்கு நீலம் கலந்த பச்சையாகத் தெரிவதுதான் அந்தப் பெயருக்குப் பொருத்தமான விளக்கம். சிங்களத்திலும் “பச்ச” என்றே சொல்கிறார்கள். “பச்ச கொட்டனவா” என்பது அன்றாடப் பேச்சு. டாட்டூ என்றால் வெளிநாட்டுக்காரர் பழக்கம் என்று வீட்டில் எதிர்ப்புச் சொல்லும்போது, “அப்பாயி கையிலும் இருந்ததே” என்ற பதிலை உங்கள் வாடிக்கையாளர் உங்கள் பக்கத்திலிருந்து எடுத்துக்கொள்ள முடியும்.

எத்தனை மொழிகளில் எழுத வேண்டும்?

தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றும் இருந்தால் நல்லது. ஆனால் ஒன்றை எழுதி மற்ற இரண்டுக்கும் மொழிபெயர்ப்பதைவிட, ஒவ்வொன்றையும் தனித்தனியாக எழுதுவது மேலானது, ஏனெனில் மூன்று மொழியிலும் படிப்பவர்களின் கவலைகள் வேறு வேறானவை. ஆங்கிலப் பக்கத்துக்கு வருபவர் இரண்டு இரவுகள் தங்கிச் செல்லும் பயணி. அவருக்கு நாளை நேரம் கிடைக்குமா என்பதே கேள்வி. தமிழ்ப் பக்கத்துக்கு வருபவர் கொழும்பில் வேலை செய்து, தீபாவளிக்கோ தோட்டத்துத் திருவிழாவுக்கோ ஊர் திரும்பும் இளைஞராக இருக்கலாம். செலவு எவ்வளவு, சட்டைக் கையில் மறையுமா, அம்மா என்ன சொல்வார் என்பவைதான் அவருடைய கேள்விகள். இரண்டு பேருக்கும் ஒரே பத்தியை வைத்தால் அது இருவருக்குமே பொருந்தாமல் போகும்.

எங்கள் தமிழ்ப் பக்கம் கூகுளில் வருவதே இல்லை. ஏன்?

பெரும்பாலும் எழுத்துருதான் காரணம். இலங்கையில் அச்சகங்களும் பதாகை அடிப்பவர்களும் இன்றும் பாமினி எழுத்துருவைப் பயன்படுத்துகிறார்கள். பாமினியில் தட்டச்சு செய்தது கண்ணுக்குத் தமிழாகத் தெரிந்தாலும், கணினிக்குள் அது ஆங்கில எழுத்துகளின் பொருளற்ற வரிசையாகத்தான் இருக்கிறது. தேடுபொறிக்கு அதில் ஒரு தமிழ்ச் சொல்லும் கிடைக்காது. பதாகைக்காக அடித்ததை அப்படியே படமாக்கிப் பக்கத்தில் ஒட்டினாலும் பெரும்பாலும் இதே கதிதான். எல்லாவற்றையும் யூனிகோடில், அதாவது கணினி தமிழைத் தமிழாகவே அறிந்துகொள்ளும் பொதுக் குறியீட்டு முறையில், மீண்டும் எழுதுங்கள். மாற்றித் தரும் செயலிகள் இருக்கின்றன; ஆனால் மாற்றியபின் கொம்பும் காலும் இடம் மாறியிருக்கிறதா என்று ஒருமுறை கண்ணால் பார்த்துவிடுங்கள்.

இதே எச்சரிக்கை உங்கள் ஊசிக்கும் பொருந்தும். ஒருவரின் தோலில் தமிழ்ப் பெயர் எழுதும் முன்னர், வடிவமைப்புச் செயலியில் தமிழ் எழுத்துகள் உடைந்து விழாமல் வந்திருக்கின்றனவா என்று தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒருவர் சரிபார்க்க வேண்டும். அப்படிச் சரிபார்ப்பது உங்கள் வழக்கம் என்றால் அதைப் பக்கத்தில் எழுதுங்கள். புள்ளி விடுபட்ட பெயர்களைப் பார்த்தவர்களுக்கு அதைவிடப் பெரிய உறுதிமொழி வேண்டியதில்லை.

சுத்தத்தைப் பற்றி எவ்வளவு எழுத வேண்டும்?

பக்கத்தில் வேறு எதையும்விட அதிகமாக எழுத வேண்டியது இதைத்தான். வருபவர் கேட்கக் கூச்சப்படும் கேள்வியும் இதுதான். ஊசி புதியதா என்று கேட்டால் கலைஞர் கோபித்துக்கொள்வாரோ என்று எண்ணிக் கேட்காமலே திரும்பிப் போனவர்கள் உண்டு. அந்தக் கேள்வியை அவருக்காக நீங்களே எழுப்பிப் பதிலும் சொல்லிவிட்டால் பாதித் தயக்கம் அங்கேயே தீர்ந்துவிடும்.

“நாங்கள் 100 சதவீதம் பாதுகாப்பானவர்கள்” என்பது பதிலாகாது. அந்த அறையில் நடப்பதை நடக்கும் ஒழுங்கிலேயே சொல்லுங்கள். “ஊசியின் உறையை உங்கள் கண்முன்னே திறப்போம், முடிவுத் திகதியை நீங்களே வாசிக்கலாம். மையைச் சிறு கிண்ணத்தில் ஊற்றிப் பயன்படுத்துவோம், மிஞ்சியதைப் போத்தலில் திரும்பச் சேர்க்காமல் எறிந்துவிடுவோம். கையுறையோடு தொலைபேசியைத் தொட நேர்ந்தால் கையுறையை மாற்றுவோம். பயன்படுத்திய ஊசி துளைபடாத பெட்டிக்குள் போகும்” என்று எழுதிப் பாருங்கள். ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி, எச்.ஐ.வி. ஆகியவை இரத்தம் பட்ட ஊசியால் பரவக்கூடியவை என்பதை மறைக்காமல் சொல்லலாம்; மறைத்தால் வாசகர் அதை வேறோரிடத்தில் படித்துக்கொள்வார். மீண்டும் பயன்படுத்தும் உலோகப் பிடிகள் உங்களிடம் இருந்தால், அவற்றை ஒட்டோகிளேவில் 121 பாகை செல்சியஸ் அழுத்த நீராவியில் குறைந்தது 15 நிமிடங்கள் வைத்துக் கிருமி நீக்குவதை எழுதலாம். எல்லாமே ஒருமுறைப் பாவனைக்குரியவை என்றால் அதை எழுதுங்கள். செய்யாத ஒன்றை எழுதக் கூடாது என்று தனியாகச் சொல்ல வேண்டியிருப்பது வருத்தமானதுதான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன்.

கூடவே யார் மருத்துவரைக் கேட்காமல் வரக் கூடாது என்பதையும் எழுதுங்கள். கர்ப்பிணிகள், இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து எடுப்பவர்கள், கட்டுப்பாட்டில் இல்லாத நீரிழிவு உள்ளவர்கள் ஆகியோர் முதலில் மருத்துவரைக் கேட்டுவிட்டு வரட்டும். வெட்டுக்காயம் ஆறியபின் தழும்பு தடித்து எழும் உடல்வாகு நம்மவர்களிடம் வெள்ளைத் தோலினரைவிட அதிகம். காதணி குத்திய இடத்தில் அப்படி எழும்பியிருந்தால் முன்கூட்டியே சொல்லும்படி ஒரு வரி போதும். பச்சை குத்திய பின்னர் இரத்ததானம் செய்யக் குறித்த காலம் காத்திருக்க வேண்டும் என்பதையும் பலர் பின்னர்தான் அறிகிறார்கள்.

வலியைப் பற்றி எழுதினால் ஆட்கள் பயந்து ஓடிவிட மாட்டார்களா?

நான் எழுதிய முதல் டாட்டூப் பக்கத்தில் “வலியே தெரியாது” என்று எழுதிக் கொடுத்தேன். வந்தவர்கள் விலா எலும்பின் மீது ஊசி பட்டதும் என் வரியை நினைத்துக்கொண்டார்கள். விமர்சனங்களில் அதை அப்படியே எடுத்தும் எழுதினார்கள். தவறு ஸ்டூடியோவினுடையதல்ல, என்னுடையது. இப்போது இப்படி எழுதுகிறேன்: “மேல்கையிலும் தொடையின் வெளிப்புறத்திலும் பெரும்பாலோர் தாங்கிக்கொள்வார்கள். விலாவிலும் கணுக்காலிலும் பாதத்தின் மேற்புறத்திலும் கூடுதலாக வலிக்கும். சாப்பிட்டுவிட்டு வாருங்கள், இடையில் நிறுத்தச் சொன்னால் நிறுத்துவோம்.” பயந்து ஓடுபவர் இதைப் படித்தல்ல, இதைப் படிக்காமல் வந்து அரைவேலையில் எழுந்து போவார்.

கட்டணத்தை வெளியே போடலாமா?

போடுங்கள். “விலைக்கு இன்பொக்ஸ் வரவும்” என்ற வரியைப் பார்த்ததும் சம்பளத்தை எண்ணிச் செலவழிப்பவர் பக்கத்தை மூடிவிடுகிறார். கேட்டுவிட்டுப் பின்வாங்கினால் மானம் போகும் என்ற எண்ணம் நம்மிடையே வலுவானது. ஒவ்வொரு வடிவத்துக்கும் விலை சொல்ல முடியாது என்பது உண்மைதான். ஆனால் ஆகக் குறைந்த கட்டணம், பெரிய வேலைக்கு மணிக்கணக்கா அமர்வுக்கணக்கா என்பது, முற்பணம் எவ்வளவு, அது எப்போது திரும்பக் கிடைக்கும், ஆறியபின் மங்கிய இடத்தைத் திருத்தித் தருவதற்குக் காசு உண்டா இல்லையா ஆகியவற்றைச் சொல்ல முடியும். அளவைச் சென்டிமீட்டரில் சொல்வதோடு, “தீப்பெட்டி அளவு” என்றும் சொல்லிவிடுங்கள். உள்ளூர்க்காரருக்கு ஒரு விலை, வெளிநாட்டவருக்கு ஒரு விலை என்ற பழக்கம் எல்லவில் இருப்பதாகப் பயணிகள் குறைபட்டுக்கொள்வதுண்டு. ஒரே விலை என்றால் அதை எல்லா மொழிப் பக்கங்களிலும் ஒரே எண்ணாகப் போடுங்கள், ஒப்பிட்டுப் பார்ப்பார்கள்.

எங்களிடம் நல்ல படங்கள் இருக்கின்றன. எழுத்து எதற்கு?

படத்தில் என்ன தெரிகிறது என்பதல்ல, எப்போது எடுத்த படம் என்பதுதான் வாசகருக்கு முக்கியம். குத்தி முடித்த கணத்தில் எல்லா டாட்டூவும் அழகாகத்தான் இருக்கும். “ஆறி ஒரு வருடத்துக்குப் பின்னர் எடுத்த படம், கறுப்பு மை மட்டும், முன்கை, இரண்டு மணித்தியால வேலை” என்ற குறிப்போடு, நம்மவரின் மண்ணிறத் தோலில் எடுத்த பத்துப் படங்கள் இருந்தால், இணையத்திலிருந்து இறக்கிய நூறு வெள்ளைத் தோல் படங்களைவிட அவை அதிகம் பேசும். கருமையான தோலில் வெளிர் மஞ்சளும் வெள்ளையும் அடங்கிப்போகும், தடித்த கறுப்புக் கோடு நிற்கும் என்பதைப் படத்தின் கீழேயே சொல்லிவிட்டால், அதன் பின்னர் வாட்ஸ்அப்பில் வாக்குவாதம் செய்ய வேண்டியிருக்காது.

படத்திலிருப்பவரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நம் நாட்டிலும் வந்துவிட்டது. அது ஒருபுறமிருக்க, ஊர் சிறியது, கையைப் பார்த்தே ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். படங்களைச் சுருக்கிப் போடவும் மறவாதீர்கள். சமிக்ஞை குறைந்த தோட்டங்களில் டேட்டா காட் போட்டுத்தான் உங்கள் பக்கத்தைத் திறக்கிறார்கள்.

எல்லவுக்கு வரும் பயணிகளுக்கென்று தனியாக என்ன எழுத வேண்டும்?

அவர்களுடைய பயண வழியை எழுதுங்கள். பெரும்பாலானோர் கண்டியிலிருந்து எல்லவுக்கு வந்து, ஒன்பது வளைவுப் பாலத்தைப் பார்த்து, அங்கிருந்து கடற்கரைக்கு இறங்குகிறார்கள்; டிசம்பர் முதல் ஏப்ரல் வரை தென்கரைக்கு, மே முதல் செப்டம்பர் வரை கிழக்குக் கரையிலுள்ள அறுகம்பைக்கு. புதிய டாட்டூவின் மேல்தோல் ஆற இரண்டு முதல் நான்கு வாரங்கள் ஆகும். அதுவரை கடல்நீரும் நீச்சல்குளமும் நேர் வெயிலும் ஆகாது. ஆகவே இன்று உங்களிடம் குத்திக்கொண்டு நாளை மறுநாள் அலைச்சறுக்கப் போகிறவர் கிருமித் தொற்றுக்கும் மங்கிய கோட்டுக்கும் வழி தேடுகிறார். பழி மட்டும் உங்கள் விமர்சனப் பக்கத்தில் வந்து விழும். “கடலுக்குப் போகும் வழியில் வர வேண்டாம், நாடு திரும்பும் முன் கடைசி நாட்களில் வாருங்கள்” என்று எழுதும்படி ஓர் உரிமையாளரிடம் சொன்னபோது, வருகிற காசை விரட்டச் சொல்கிறீர்களே என்றார். விரட்டவில்லை, திகதியைத்தான் மாற்றுகிறோம் என்பது என் எண்ணம். வேலையை மறுக்கும் வரிக்கு இருக்கும் மதிப்பு, வேலையைக் கேட்கும் வரிக்கு இருப்பதில்லை.

சிவனொளிபாதமலைப் பருவத்தில், அதாவது டிசம்பர்ப் பௌர்ணமியிலிருந்து வெசாக் வரையில், நல்லதண்ணி வழியாக ஏறப் போகிறவர்களுக்கும் இப்படியொரு குறிப்பு வேண்டும். ஆயிரக்கணக்கான படிகளை முதுகுப் பையோடு ஏறும்போது, தோளில் முந்தாநாள் குத்திய டாட்டூவின் மேல் பைவாரும் வியர்வையும் சேர்ந்து உரசும். ஏறி இறங்கிய பின் வரட்டும்.

ஐரோப்பியப் பயணிகள் மையைப் பற்றியும் கேட்பார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஜனவரி 4 முதல் டாட்டூ மைகளிலுள்ள பல வேதிப்பொருள்களைக் கட்டுப்படுத்தியிருக்கிறது. நீலம் 15:3, பச்சை 7 ஆகிய இரண்டு நிறமிகளுக்கு மட்டும் மேலும் ஓராண்டு அவகாசம் கொடுத்திருந்தது. உங்கள் போத்தலில் அந்த விதிக்கு இணங்கியது என்று அச்சிட்டிருந்தால் மையின் பெயரோடு எழுதுங்கள். அச்சிடப்படாவிட்டால் “ஐரோப்பியத் தரம்” என்று நீங்களாகச் சேர்க்காதீர்கள்.

சாமி உருவங்கள், புத்தர் உருவம் பற்றி எழுதலாமா?

எழுதியே ஆக வேண்டும். 2014 ஏப்ரலில், மேல்கையில் புத்தர் உருவத்தைப் பச்சை குத்தியிருந்த பிரித்தானியப் பெண் ஒருவர் கட்டுநாயக்க விமான நிலையத்தில் தடுக்கப்பட்டு நாடு கடத்தப்பட்டார். 2017இல் உயர் நீதிமன்றம் அவருடைய அடிப்படை உரிமைகள் மீறப்பட்டதாகத் தீர்ப்பளித்து இழப்பீடு வழங்க உத்தரவிட்டது என்றாலும், அப்படிப்பட்ட அலைச்சலை யாரும் விரும்பி வாங்கமாட்டார்கள். ஆங்கிலப் பக்கத்தில், “புத்தர் உருவத்தை நாங்கள் குத்துவதில்லை, இந்நாட்டில் அது பலரின் மனத்தைப் புண்படுத்தும்” என்று இரண்டு வரிகளில் சொல்லிவிடலாம். பிரசங்கம் வேண்டியதில்லை.

தமிழ்ப் பக்கத்தில் வேல், ஓம், பிள்ளையார், மாரியம்மன் சூலம் ஆகியவற்றுக்குத்தான் கேள்வி அதிகம். இடுப்புக்குக் கீழே தெய்வ உருவம் குத்துவதில்லை என்பது உங்கள் வழக்கம் என்றால் அதை எழுதுங்கள். வாசகர் வீட்டிலுள்ள பெரியவர்களுக்கு உங்களைப் பற்றி நல்லெண்ணம் தரும் வரியாக அது இருக்கும்.

மலையக அடையாளத்தை வைத்து எழுதினால் எடுபடுமா?

தென்னிந்தியத் தொழிலாளர்கள் தோட்டங்களுக்கு வரத் தொடங்கிய ஆண்டாக 1823ஐ எண்ணி, 2023இல் மலையக மக்களின் 200 ஆண்டுகள் நினைவுகூரப்பட்டன. தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடைபயணமும் நடந்தது. கொழுந்தையும், தாத்தாவின் பெயரையும், தோட்டத்தின் பெயரையும் தோலில் கேட்பவர்களிடம் இந்த நினைவு இருக்கிறது. ஆகவே எடுபடும். ஆனால் கூடை சுமக்கும் அம்மாவின் படத்தைப் போட்டு “தேயிலை தேசத்தின் டாட்டூ” என்று தலைப்பிடுவதை நான் ஏற்பதில்லை. அது சுற்றுலாச் சுவரொட்டியின் மொழி, லயத்திலிருந்து வருபவருக்கு அது எரிச்சலைத்தான் தரும். இரண்டு இலையும் ஒரு மொட்டும் கொண்ட வடிவத்தை எப்படி வரைகிறீர்கள், நரம்புகள் எத்தனை வருடம் தெளிவாக நிற்க எந்த அளவுக்குக் கீழே போகக் கூடாது என்பதை எழுதினால் போதும்.

வயதெல்லையை எங்கே குறிப்பிடுவது?

முன்பதிவுப் பொத்தானுக்கு மேலே. “18 வயது நிறைந்திருக்க வேண்டும், தேசிய அடையாள அட்டையோ கடவுச்சீட்டோ கொண்டுவர வேண்டும், பெற்றோர் சம்மதித்தாலும் விதிவிலக்கு இல்லை.”

செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கேட்டு எழுதலாமா?

உங்கள் அறையில் என்ன நடக்கிறது என்று அதற்குத் தெரியாது. நீங்கள் சொல்லாவிட்டால் அது “உலகத்தரம்” என்றுதான் எழுதும். ஒரு வாடிக்கையாளர் உள்ளே வந்ததிலிருந்து வெளியே போகும் வரை என்ன செய்கிறீர்கள் என்று தொலைபேசியில் உங்கள் குரலிலேயே பதிந்துகொள்ளுங்கள். நான் யாருக்கு எழுதினாலும் அதைத்தான் முதலில் கேட்டு வாங்குவேன். பாதிப் பக்கம் அதிலேயே கிடைத்துவிடும்.

பக்கம் பலன் தருகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

வருகை எண்ணிக்கையைவிட வாட்ஸ்அப்பில் வரும் கேள்விகளைப் பாருங்கள். “எங்கே இருக்கிறீர்கள்?”, “எவ்வளவு?” என்று தொடங்கிய செய்திகள் குறைந்து, “வரும் சனிக்கிழமை முன்கையில் தீப்பெட்டி அளவில் ஒரு வேல், நேரம் இருக்கிறதா?” என்று வரத் தொடங்கினால் பக்கம் வேலை செய்கிறது. ஒரே கேள்வி மூன்று முறை வந்தால் அதன் பதிலை மேலே ஏற்றுங்கள். அண்மையில் ஓர் இடத்தில் அப்படித் திரும்பத் திரும்ப வந்தது, வேலை முடியும்போது ஊருக்குக் கடைசி பஸ் இருக்குமா என்ற கேள்வி. இப்போது அந்தப் பக்கத்தில், தோட்டங்களிலிருந்து வருபவர்களுக்கு நீண்ட வேலைகளைக் காலை ஒன்பது மணிக்கே தொடங்குவோம் என்ற வரி முன்பதிவுப் பொத்தானுக்கு அருகில் இருக்கிறது.